நாலு தெருத் தண்ணீர்

அக்கா வீட்டுக் கட்டில், அறைக்கதவைத் தாண்டமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஒரு பக்கம் சின்னவள், மறுபக்கம் அத்தானின் தம்பி. சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள், கால்பக்கத்தை முதலில் நுழைத்துப் பார்த்தார்கள். ம்ஹூம். அத்தானின் உடலோடு ஆஸ்பத்திரி வண்டி கிளம்பிவிட்டதாகப் போன் வந்திருந்தது. வந்து நின்றால் அத்தானை முன்னறையில் எதில் கிடத்துவது?

"அண்ணன் அறைக்குள்ள வச்சே நட்டுப் போட்டுப் பூட்டியிருக்கான்," என்றான் தம்பி, மூச்சு வாங்க. "ஸ்பேனர் இல்லாம முடியாது. எங்க வச்சுத் தொலச்சானோ."

'இருங்க, அத்தானையே கேட்டுடலாம்' என்று சொல்லச் சின்னவள் வாயைத் திறந்துவிட்டாள். திறந்த வாயை என்ன செய்வதென்று தெரியவில்லை. இருமினாள். இருமல் சத்தம் கேட்டதும் தம்பி அரையடி பின்னால் நகர்ந்தான். நகர்ந்ததற்கு வெட்கப்பட்டு, கட்டில் காலைக் குனிந்து பார்ப்பதுபோல் பாவனை செய்தான்.

கடைசியில் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு ஸ்பேனர் வந்தது. கட்டிலும் வெளியே வந்தது. அத்தானும் வந்து சேர்ந்தார்.

முடிவெட்டும் கடை வைத்திருந்தவர் அத்தான். கத்தரியைவிட வாய் வேகமாக ஓடும். சின்னவள் நகராட்சிப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, "எல்லாரும் ரத்தத்தப் பாத்துச் சீக்கு சொல்லுவாங்க, எங்க வீட்டு சாக்கடை டாக்டர் கழுவிவிட்ட தண்ணியப் பாத்தே சொல்லுவா" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தார். அவர் சொன்னதில் பொய்யில்லை. தெருமுனையில் பாதாளச் சாக்கடையின் மூடியைத் திறந்து, வாரம் தவறாமல் ஒரு பாட்டில் கழிவுநீர் எடுப்பார்கள். அதில் வைரஸின் தடம் எவ்வளவு என்று பார்ப்பது அவள் வேலை. காய்ச்சல் வந்து ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன்பே தண்ணீர் சொல்லிவிடும்.

இந்த முறையும் சொல்லியது. அக்கா வீடு, இவள் வீடு எல்லாம் சேர்ந்த இந்த நாலு தெருத் தண்ணீரில் அளவு திடீரென்று ஏறியிருந்தது. அன்றைக்கே நகராட்சி அறிவித்தது. அத்தான் கிண்டல் செய்தார், செய்தாலும் கேட்டுக்கொண்டார். முகக்கவசம் மாட்டினார், வந்தவர்களைக் கடைக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார். அப்படியும் அவருக்கே வந்தது. வந்தது வைரஸ்தான், ஆனால் உயிர் போனது இதயத்தால் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அதைச் சின்னவள் மூன்று பேருக்கு மூன்று விதமாகச் சொல்லிவிட்டாள். எது சரி என்று அவளுக்கே பிடிபடவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் வாசற்படியில் ஒரு கால், தெருவில் ஒரு கால் என்று நின்றார்கள். "ஏம்மா, உள்ள வரலாமா?" என்று சின்னவளைத்தான் கேட்டார்கள். சிலரிடம் வரலாம் என்றாள். சிலரிடம் ஜன்னல் பக்கமாக நில்லுங்கள் என்றாள். மாடி வீட்டு அம்மா மட்டும் யாரையும் கேட்காமல் உள்ளே வந்து, அத்தானின் காலடியில் உட்கார்ந்துகொண்டாள்.

அக்கா அழவில்லை. சின்னவளின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"எனக்குத்தானடி முதல்ல தொண்டை கட்டுச்சு?"

"அது… பனிக்கும் கட்டும்க்கா."

"மழுப்பாத. நீங்க பாக்குற தண்ணியில யாருக்கு முதல்லன்னு தெரியுமில்ல?"

"தெரியாதுக்கா. நாலு தெருவும் ஒண்ணாக் கலந்துதான் வரும். யார் வீடுன்னு சொல்லாது."

"அப்ப நான் இல்லன்னு சொல்லு."

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதானே. அக்காவுக்குத் தொண்டை கட்டுவதற்கு முன்பே தண்ணீரில் அளவு ஏறிவிட்டது. அதனால் அக்கா இல்லை. ஆனால் தொண்டை கட்டுவதற்கு முன்பே வைரஸ் உடம்பிலிருந்து வெளியேற ஆரம்பித்துவிடும். அதனால் அக்காவாகவும் இருக்கலாம். அத்தானாக இருக்கலாம். பெஞ்சில் உட்கார்ந்த யாரோவாக இருக்கலாம். தினமும் சாயங்காலம் இங்கே டீ குடிக்க வரும் சின்னவளாகவேகூட இருக்கலாம். ஒவ்வொன்றும் உண்மைதான். எல்லா உண்மையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

"சரி, நான்தான்னாவது சொல்லு," என்றாள் அக்கா. "ஏதாவது ஒண்ணச் சொல்லித் தொலையேன்டி."

குழாய் சரியாக மூடப்படாமல் ஒழுகிக்கொண்டிருந்தது. சின்னவள் அதை இறுக்கினாள்.

அப்போது தெருவில் ஒரு வண்டி வந்து நின்றது. பரிசோதனைக் கூடத்து டிரைவர். தண்ணீர் எடுப்பதும் அவர்தான். இன்றைக்கு இந்தத் தெருவின் முறை. தெருமுனை மூடியைத் திறந்து தண்ணீர் எடுத்தவர், கூட்டத்தைப் பார்த்துவிட்டு வாசலுக்கே வந்துவிட்டார். வண்டியை அணைக்கவில்லை. ஐஸ் பெட்டியில் வைக்க மறந்த பாட்டில் கையிலேயே இருந்தது. துக்க வீட்டில் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

அக்கா அவரிடம் நேரே போனாள்.

"எங்க தண்ணியா?"

"நாலு தெருவுதும்மா."

"அவரோடதும் இருக்குமா?"

டிரைவர் சின்னவளைப் பார்த்தார். அத்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் நாளாகிவிட்டது, இருக்காது. ஆனால் அவர் படுத்திருந்த போர்வையை, சட்டைகளை, தலையணை உறையை எல்லாம் இன்று காலையில்தான் அவள் அலசிவிட்டாள். அந்தத் தண்ணீர் இந்நேரம் தெருமுனைக்குப் போயிருக்குமா? கணக்குப் போட்டாள். பாதியில் விட்டுவிட்டாள்.

அக்கா கையை நீட்டினாள். டிரைவர் தயங்கி, பாட்டிலின் வெளிப்பக்கத்தைத் துணியால் ஒருமுறை துடைத்துக் கொடுத்தார். கையுறை இல்லாமல் யாரும் அதைத் தொடக்கூடாது. சீக்கிரம் ஐஸில் வைக்க வேண்டும். சின்னவள் இரண்டையுமே சொல்லவில்லை.

கலங்கிய, சாம்பல் நிறத் தண்ணீர். அக்கா அதை ஆட்டாமல், சிந்தாமல், இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

டிரைவர் பாட்டிலைத் திருப்பிக் கேட்கவில்லை. பிறகு வண்டிக்குப் போய், இன்ஜினை அணைத்துவிட்டு வந்தார்.