ஒரு நாள் கிழங்கு

தொடை இரண்டும் கல்லாக இறுகியிருந்தும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி முடிக்கும் சென்னைப் போட்டிக்குப் பத்தே நாள். இது கடைசிக் கடும் பயிற்சி வாரம். இன்று மலையிலிருந்து அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்கு சைக்கிளில் இறங்கி, மலைப்பாதையின் எழுபது வளைவும் திரும்ப மிதித்து ஏறவேண்டும்.

பொன்னாயியக்கா வழியில் நின்றாள். போன வாரம் என் காட்டில் ஒரு நாள் முழுக்க மரவள்ளி பிடுங்கியவள். பதிலுக்கு இன்று நான் அவள் காட்டுக்குப் போகும் முறை.

“கிழங்கு அந்தப் பக்கம் இல்லியே, ராதிகா கண்ணு?”

“போட்டி முடிஞ்சு வாரேங்க்கா.”

“மத்தியானம் கிழங்கு ஏத்த வார லாரிகிட்டயும் அதையே சொல்லு.”

இறங்கிவிட்டேன். ஒவ்வொரு வளைவிலும் திரும்பிவிடலாமா என்று பிரேக்கைப் பிடித்தேன், விட்டேன்.

ஏறி வந்தபோது லாரி போயிருந்தது. அக்கா ஒற்றையாளாகப் பிடுங்கியது போக, பாதிக் கிழங்கு மண்ணுக்குள்ளேயே நின்றது. அவளுக்கு நான் தரவேண்டிய ஒரு நாள் உழைப்பு இன்னும் பாக்கி.