மேஸ்திரி குரல் வரும்வரை

கிணற்றின் அடியில் வெடித் திரி பற்றிக்கொண்டது. ஜானி பாஷா ஓடிவந்து கயிற்றில் தொங்கிய பலகையில் உட்கார்ந்து, மேலே இழுக்கச் சொல்லிக் கத்த வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. புகை தொண்டையை அடைத்து வெறும் இருமல்தான் வந்தது.

மேலே கயிற்றோடு நின்றவர்கள் அவருடைய ஆட்கள்தான். எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில் அடி அண்ணாமலைப் பக்கம் கிணறெல்லாம் வற்றிப்போக, வெடிவைத்து ஆழப்படுத்த அவர் கோஷ்டியைத்தான் கூப்பிட்டார்கள். கோஷ்டிக்கு மேஸ்திரி என்றால் சிம்ம சொப்பனம். அவர் குரல் கேட்காமல் ஒரு பயல் கயிற்றைத் தொடக் கூடாது. போன வாரம் கயிறு ஆடியதைப் பார்த்து, கூப்பிடுகிறார் என்று நினைத்துக் காசி இழுத்துவிட்டான். ஊரே பார்க்க அவன் செவிட்டில் ஒன்று விட்டார். இனி சொல்லாமல் இழுத்தால் கையை ஒடித்துவிடுவேன் என்றும் சொன்னார்.

இப்போது அதே கயிற்றைப் பைத்தியம் பிடித்தவர்போல உலுக்கினார். காசியின் தலை எட்டிப் பார்த்தது. பார்த்தபடியே நின்றது. அட பாவி, கண் தெரியவில்லையா? யாரைத் திட்டுவது? அப்படி நிற்கப் பழக்கியதே அவர்தானே! திரி சீறிக்கொண்டு மருந்து அடைத்த குழியை நெருங்கியது. செங்குத்துப் பாறையில் பிடித்து ஏற ஒரு பிளவுகூட இல்லை. யா அல்லா, சின்ன மகள் ரசியாவுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. காசியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பலகை வெடுக்கென்று எழும்பியது.

அவரை வெளியே இழுத்துப் போட்டதும் தரை அதிர்ந்தது. கல்லும் புழுதியும் கிணற்று வாய்வரை எழும்பின. இருமி முடித்து நிமிர்ந்தார். காசி பின்வாங்கி, கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றான்.

"நீங்க சொல்லல மேஸ்திரி. நானாதான் இழுத்துட்டேன்."

உயிரைக் காப்பாற்றியவன் அடிக்குப் பயந்து நிற்கிறான்! ஜானி பாஷாவுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அவனை நேராகப் பார்க்கவே முடியவில்லை.

வெடிக்க இன்னொரு குழி பாக்கி இருந்தது. புகை அடங்கியதும் மறுபடி பலகையில் உட்கார்ந்தார்.

"எப்ப இழுக்கணும்னு நீயே பார்த்துக்க, காசி. என் குரலுக்குக் காத்திருக்காத."

காசி கன்னத்திலிருந்து கையை எடுத்துக் கயிற்றைப் பிடித்தான்.