நொடிக்கொரு தரம் கத்தும் டைமர்

நான் செய்த டைமரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே. பொதட்டூர்பேட்டையில், இரண்டு பக்கமும் பவர்லூம் ஓடும் வீட்டில் உட்கார்ந்து சென்னைக் கம்பெனிக்குப் புரோகிராம் எழுதுகிறவள் நான். எந்த வேலை எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்று தெரியாமல் திண்டாடி, நான்கு மாதம் மெனக்கெட்டு அதைச் செய்தேன். எழுத்து மட்டுமே தெரியும் டெர்மினலின் கறுப்புத் திரையில் வேலையின் பெயரைத் தட்டினால் போதும். இருபத்தைந்து நிமிடம் ஓடும், முடிந்ததும் ஒரு ஃபைலில் குறித்துக்கொள்ளும். ஓடும்போது ஒரு பச்சைப் பட்டை நொடிக்கு நொடி கட்டம் கட்டமாக வளரும். அந்தப் பட்டைக்கு மட்டும் இரண்டு வாரம் உழைத்திருக்கிறேன்.

புரோகிராம் வரிகளையும் சேர்த்து இணையத்தில் இலவசமாகப் போட்டேன். பாராட்டுகள் வந்தன. பிறகு ஒரு திங்கட்கிழமை முரளிதரன் என்பவரிடமிருந்து புகார் வந்தது.

"மேடம், உங்க டைமர் நொடிக்கொரு தரம் கத்துது. வேல செய்ய முடியல."

என் டைமருக்குச் சத்தமே கிடையாது. யாரோ விவரம் தெரியாத ஆள் என்று, "ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்" என்று பதில் போட்டேன்.

ஐந்து நிமிடத்தில் மறு மெயில் வந்தது. "அத அணைச்சா எனக்கு கம்ப்யூட்டரே இல்லீங்க. எனக்குக் கண்ணு தெரியாது."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. உடனே போன் செய்தேன். திரையில் வருவதை வாசித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துத்தான் அவர் புரோகிராம் எழுதுகிறார். என் பட்டை வளரும் ஒவ்வொரு நொடியும் அது ஒவ்வொரு கட்டத்தையும் முதலிலிருந்து "பிளாக், பிளாக், பிளாக்" என்று அவர் காதில் ஓதியிருக்கிறது.

"மூணு மாசம் டிரையல்ல இருக்கேன். இந்த வெள்ளிக்கிழமையோட முடியுது. எந்த வேலைக்கு எவ்ளோ நேரம்னு தெனமும் அனுப்பணும். அதுக்குக் கம்பெனி குடுத்த ஷீட்ட என் மென்பொருள் படிக்க மாட்டேங்குது. தேடினதுல உங்களுதுதான் ஒத்து வந்துச்சி, அந்தப் பட்ட மட்டும் உயிர வாங்குது. இது சரியாவலன்னா வேல போய்டும்."

"எங்க இருக்கீங்கண்ணா?"

"திருத்தணிதான்."

மறுநாளே பஸ் பிடித்தேன். அன்று கிருத்திகை. தெரு முழுக்கக் காவடி. அவருடைய தங்கை விஜி கதவைத் திறந்து உட்கார வைத்தாள். முரளி அண்ணாவின் லேப்டாப் திரை இருண்டு கிடந்தது.

"ஆன் பண்ணலையாண்ணா?"

"ஆன்லதாம்மா இருக்குது. ஸ்கிரீன் எனக்கெதுக்கு? தண்டம்."

இயர்போனைப் பிடுங்கி எனக்கும் கேட்க விட்டார். எங்கள் பக்கத்து வீட்டு பவர்லூம் தோற்றது. அந்த வேகத்தில் ஒரு வார்த்தைகூட எனக்குப் பிடிபடவில்லை.

"இதுல வார்த்தை இருக்குதா?"

"ஆங். உங்க புரோகிராம் கோடதான் கேட்டுக்கினு இருக்கேன்." சற்று நேரத்தில் விரலை நிறுத்தினார். "இங்க ஒரு தப்பு வெச்சிருக்கீங்களே. இருபத்தஞ்சு நிமிஷமும் முடிஞ்சப்புறம்தான் ஃபைல்ல எழுதுறீங்க. இருபத்தி நாலாவது நிமிஷத்துல கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சின்னா? செஞ்ச வேல எல்லாம் காணாப்பூடும்."

நான்கு மாதம் இரண்டு கண்ணாலும் பார்த்தவள் நான். இவர் பத்து நிமிடம் காதால் கேட்டுக் கண்டுபிடித்துவிட்டார்.

மதியம் வரை அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன். தொடங்கியதுமே ஃபைலில் எழுதும்படி மாற்றினேன். பட்டையை எடுத்தபோது வயிறு எரிந்தது, எடுத்துவிட்டேன். இனி டைமர் தொடங்கும்போது ஒரு வார்த்தை, முடியும்போது ஒரு வார்த்தை, நேரம் கேட்டால் ஒரு வார்த்தை, அவ்வளவுதான் சொல்லும்.

சோதித்துப் பார்க்க அவர் தன் வேலையைத் தொடங்கினார். தலை லேசாகச் சாய்ந்திருந்தது. விரல் நிற்கவே இல்லை. வெளியே அரோகரா சத்தம் வீட்டையே தூக்கியது, அவருக்கு அது உறைக்கவும் இல்லை. இருண்ட திரைக்கு முன்னால் நூற்றுக்கணக்கான வரிகளை மனதிலேயே வைத்துக்கொண்டு ஒரு மனிதர் வேலை செய்வதை இருபத்தைந்து நிமிடமும் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒன்றை நான் என் தொழிலில் கண்டதில்லை.

"இன்னாமா, சத்தத்தையே காணோம்? தூங்கிட்டீங்களா?" என்றார்.

வெள்ளிக்கிழமை அவருடைய மேனேஜர் பரசுராமன் என்னைப் போனில் கூப்பிட்டார்.

"உங்க டைமர் சரியா ஓடுதாங்க? நாங்க பதினாலு மணி நேரம் போட்டிருந்த வேலைய முரளி ஆறு மணி நேரத்துல முடிச்சதா காட்டுது. டைமர் கோளாறா, இல்ல அவர் கொறச்சி எழுதுறாரா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"கோளாறு இருந்துச்சி சார். என் கோட காதால கேட்டு அதக் கண்டுபிடிச்சதே அவர்தான். பத்து நிமிஷத்துல. பக்கத்துல உக்காந்து பாத்தேன். இப்ப டைமர் சரியா ஓடுது. ஆறு மணி நேரம்னா ஆறு மணி நேரம்தான்."

"காதாலயா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மெயில் வந்திருக்கிறதா என்று திறந்து திறந்து பார்த்தேன். திங்கட்கிழமை முரளி அண்ணாவிடமிருந்து மெயில் வந்தது.

"'முடிந்தது'ன்னு ரெண்டு தரம் சொல்லுது. ஒரு தரம் போதும்."

ஒரு வணக்கம்கூட இல்லை. எரிச்சலோடு பதில் எழுதப் போனவள் அப்போதுதான் பார்த்தேன். அவருடைய பழைய முகவரி இல்லை இது. பெயருக்குப் பின்னால் கம்பெனியின் பெயர் இருந்தது. டிரையலில் இருப்பவர்களுக்கு அந்த முகவரி தர மாட்டார்கள் என்று விஜி சொல்லியிருந்தாள். வேலை நிரந்தரமாகிவிட்டது என்று ஒரு வரி எழுதக் கூடாதா இந்த மனிதர்! கண் கலங்கி எழுத்தெல்லாம் மங்கிப்போனது.

இரண்டாவது 'முடிந்தது'வை எடுத்தேன். அனுப்பும் முன் திரையை அணைத்துவிட்டு, அவருடையதைப் போன்ற வாசிக்கும் மென்பொருளில் என் புரோகிராமை முதலிலிருந்து கடைசி வரை ஒரு முறை கேட்டுப் பார்த்தேன். வாசிக்கும் வேகத்தை இருப்பதிலேயே குறைவாக வைத்திருந்தேன். என் காதுக்கு அவ்வளவுதான் முடிந்தது.