பெரிய 'ந'

ருஷ்யாவின் பெர்ம் நகரத்து நெல்லி தன் கணினியில் எழுதும் கடிதமெல்லாம் 'எல்லி' என்ற பெயரோடுதான் போய்ச் சேரும். வீட்டுக் கணினிகள் தொலைபேசிக் கம்பி வழியே ஒன்றுக்கொன்று கடிதம் கைமாற்றிக்கொள்ளும் வலை அது; ஆசைக்கு நடத்துகிறவர்களின் வலை. அதன் விதிகளைக் கடல் தாண்டி யாரோ எழுதியபோது, எழுத்துகளைக் குறிக்கும் எண்களில் ஒன்றை 'வரி மடியும் இடம், தூக்கி எறியவும்' என்று குறித்துவிட்டார்கள். ருஷ்ய எழுத்துகளில் பெரிய 'ந' உட்கார்ந்திருந்தது அதே எண்ணில்.

மற்றவர்கள் சுலபமாகத் தப்பித்தார்கள். ஆங்கில 'எச்' பார்வைக்கு அச்சு அசல் அந்த 'ந' மாதிரியே இருக்கும், அதைத் தட்டினார்கள். நெல்லி மட்டும் மறுத்தாள். தொலைந்த 'ந'க்கள் எல்லாம் ஊரை ஒட்டி ஓடும் காமா நதியின் பனிக்கட்டிக்கு அடியில் குவிந்து கிடப்பதாக அவள் கற்பனை செய்துகொள்வாள்.

ஒருவழியாக, தங்கள் ஊர் வலையிலாவது விதியை மாற்ற வாக்கெடுப்பு வந்தது. எண்ணும் பொறுப்பு அவளுக்கு. சமமாக வந்தால் பழைய விதியே நிற்கும். ஞாயிறு மதியம், முட்டைக்கோஸ் அடைத்த பிரோஷ்கியைக் கடித்துக்கொண்டே எண்ணும் நிரலை ஓட்டினாள். ஆதரவு நான்கு. எதிர்ப்பு மூன்று. செல்லாதது ஒன்று.

ஜெயித்துவிட்டது! துள்ளி எழுந்தவள், செல்லாததைத் திறந்து பார்த்தாள். அவள் கடிதங்களை வாங்கி மற்றவர்களுக்கு அனுப்பும் கணினிக்காரர் ரோடியன் சவேலிச்சின் வாக்கு. 'நியெத்' என்றுதான் இருந்தது, இல்லை என்று. எல்லாரும் சின்ன எழுத்தில் போட்டிருக்க, அவர் மட்டும் பெரிய எழுத்தில், பழக்க தோஷத்தில் ஆங்கில 'எச்' தட்டியிருந்தார். நிரலுக்கு அது புரியவில்லை.

பிரோஷ்கி ஆறிப்போனது. கடைசியில் தொலைபேசியை எடுத்தாள்.

"சவேலிச், உங்க 'இல்லை' செல்லலை."

"என்ன எல்லி, தோத்துட்டு கதை விடறியா?"

"ஜெயிச்சுட்டுதான் சொல்றேன். உங்க 'எச்'சை நிரல் ஏத்துக்கலை. நீங்க சொன்னா எதிர்ப்புல சேர்த்துடறேன். சமமாயிடும், பழைய விதியே நிக்கும்."

மறுமுனையில் இருமல் மாதிரி ஒரு சிரிப்பு.

"அடக் கடவுளே! 'எச்' போட்டா போதும், எதுக்கு விதியை மாத்தணும்னு பத்து வருஷமா கத்தினவன் நான். அதுவே என் வாயை அடைச்சிடுச்சா? சேர்க்காதே. போனை வை, வேற அனுப்பறேன். என் பக்கத்துல அந்த எழுத்தைத் தின்கிற வேலையையும் நிறுத்தறேன்."

கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது; மோடம் கீச்சிட்டு எடுத்துக்கொண்டது. திரையில் ஒரே வரி:

'ஆட்சேபம் இல்லை, நெல்லி.'

கண்ணை நம்பாமல் பெயரின் முதல் எழுத்தின் எண்ணைச் சோதித்தாள். அசல் 'ந'.

மறுபடி மணி. இந்த முறை ஆள்.

"என்னம்மா, வந்துச்சா?"

"முழுசா வந்து சேர்ந்துட்டேன், சவேலிச்," என்றாள் நெல்லி, வாய் நிறைய ஆறிய பிரோஷ்கியோடு.