சவுண்ட் கார்டில் கேட்ட குரல்

தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு மனைவிக்குப் பேச்சு வராது என்று டாக்டர் சொன்ன அன்றே, அவள் குரலைப் பதிவு செய்து வைக்க அவர் யுஎஸ்பி சவுண்ட் கார்டும் அதில் செருகும் மைக்கும் வாங்கி வந்துவிட்டார். அரைகுறை வேலை அவருக்கு ஆகாது. லேப்டாப்பிலேயே இருக்கும் மைக்கில் பேசினால் தகர டப்பாவுக்குள் பேசுவது போலிருக்குமாம்.

ஹால் ஃபேனின் இரைச்சல் விழக்கூடாதென்று அவளை மைக்கோடு உள்ளறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். ஹாலில் லேப்டாப் முன்னால் அவர். சவுண்ட் கார்டில் செருகிய ஹெட்போனில் அவள் குரல் பளிச்சென்று கேட்டது. மகளுக்கு நாலு புத்திமதி, அவருக்கு நாலு திட்டு.

"மறுபடி சொல்லு! நடுவுல இருமாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று இங்கிருந்தே கத்தினார்.

"சொன்னதையே சொல்ல நான் என்ன கிளியாங்க?" என்றாள். ஆனாலும் சொன்னாள்.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியதும், அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ரெக்கார்டிங்கைப் போட்டார்.

ஃபேன் இரைச்சல்தான் வந்தது. கம்ப்யூட்டர் செட்டிங்கில் புது மைக்குக்கு மாற்ற அவர் மறந்திருந்தார். சவுண்ட் கார்டு அவள் குரலை நேராக ஹெட்போனுக்கு மட்டும் கொடுத்திருக்கிறது; பதிவானதெல்லாம் லேப்டாப் மைக்கில். கதவுக்கு அந்தப் பக்கம் பேசியவள் அதில் இல்லவே இல்லை. அவர் மட்டும் கணீரென்று இருந்தார்.

"நடுவுல இருமாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

அதைக் கேட்டதும், வந்த இருமலை அடக்க அவள் கழுத்தில் போட்டிருந்த கட்டின் மேல் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.