பாதி வழியில் ஒரு ஸ்டெப்னி

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் மலை ஏறப் போகிறான் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அந்த மெக்கானிக்கோடு வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். "ஏம்பா, மேல போறதுக்குத்தான் நாம பட்டன் வச்சுக் குடுக்கறோமே, நீ எதுக்கு நடந்து போற?" என்று சூப்பர்வைசர் கேட்டார்.

மெக்கானிக்கும் கூடச் சேர்ந்து சிரித்தான். ஆனால் மலை ஓட்டத்துக்குப் பேர் கொடுத்தது கொடுத்ததுதான். நாற்பது கிலோமீட்டர் காட்டுப் பாதை. ஒரு மலையில் ஏறி இறங்கி, அடுத்த மலையைச் சுற்றிக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். ஓடுகிறவன் ஓடலாம், நடக்கிறவன் நடக்கலாம். நேரத்துக்குள் வராதவனை ஜீப்பில் அள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

அவனைப் பேர் கொடுக்க வைத்தது மச்சான். மனைவியின் அண்ணன், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். நல்ல நாளிலேயே பேச்சில் பிரேக் பிடிக்காத ஆள். மெக்கானிக்கின் உடம்புக்குள் இப்போது ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும் சிறுநீரகமும் அவர் கொடுத்ததுதான்.

டெஸ்ட் எல்லாம் முடிந்து, பொருந்துகிறது என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வராண்டாவில் மெக்கானிக் பெரிய ஆள் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டான். மச்சான் அவன் முதுகில் ஒன்று போட்டார்.

"அட, ரெண்டு வச்சுக்கிட்டு நான் என்ன மாப்ள பண்ணப் போறேன்? கார் டிக்கியில இருக்கிற ஸ்டெப்னி மாதிரி சும்மாதானே கெடக்கு!"

மூன்று வருஷமாக இதே கதைதான். மெக்கானிக் நன்றி என்று வாயைத் திறப்பதற்குள் அவர் ஒரு ஜோக் அடித்து வாயை அடைத்துவிடுவார். ஒரு நல்ல கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தான். அடுத்த வாரமே அது அவர் ஸ்கூல் கிளார்க்கின் கையில் இருந்தது. "நேரம் பாத்தா எனக்குக் கோவம் வருது மாப்ள" என்றார். அந்த மனுஷருக்கு ஏதாவது ஒன்று, ஒரே ஒரு தடவை, மறுக்க முடியாதபடி கொடுத்துவிட வேண்டும் என்பது மெக்கானிக்கின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. ஒன்றும் அகப்படவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என்கூட அந்த மலைக்கு வாங்க. டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் நானும் போகமாட்டேன்."

ஆபரேஷனுக்கு முன்னால் வருஷம் தவறாமல் போனவர், அதற்கப்புறம் நிஜமாகவே போகவில்லை. இந்த வருஷம் டாக்டர் சரி என்று தலையை ஆட்டினார். அன்று சாயங்காலமே மச்சான் இரண்டு பேர் பேரையும் கொடுத்துவிட்டார். அவரை நடுவழியில் ஜீப் ஏற விடாமல், தானும் ஏறாமல், கூடவே போய்ச் சேர வேண்டும். மெக்கானிக்குக் கையில் இருந்த வழி அது ஒன்றுதான்.

ஷூ வாங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் போனார்கள். கடைக்குள் நுழைந்ததுமே மச்சான் சுவரில் இருந்த சிவப்பு ஷூவைக் காட்டினார். "இதேதான், என்னோடது இதோட பழைய மாடல். ராசியான ஷூ. உங்களுக்கு ஒரு சைஸ் சின்னதா எடுத்தாப் போதும். என் கால் பெருசு, அதனாலதான் ஆக்ஸிலேட்டர்ல நல்லாப் பதியுது."

மெக்கானிக் போட்டுப் பார்த்தான். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. கடைக்காரம்மா மட்டும் பில் போட அவசரப்படவில்லை. அவளே மலை ஓடுகிறவள். முழங்காலில் ஆறிய தழும்புகள் இருந்தன.

"சாயங்காலம் வாங்க சார். வேலை முடிச்சு, நேரா வாங்க."

"ஏம்மா, காலைல ஒரு கால், சாயங்காலம் ஒரு காலா இவருக்கு?" என்றார் மச்சான்.

"எல்லாருக்குமே அப்படித்தான் சார். நாள் முழுக்க நின்னா கொஞ்சம் பெருசாகும்."

மெக்கானிக் தயங்கித் தயங்கிச் சொன்னான். "எனக்கு அதிகமாவே ஆகும்மா. மாத்திரை சாப்பிடறேன். சாயங்காலம் சாக்ஸ் கழட்டினா அச்சு விழுந்து கெடக்கும். டாக்டருக்குத் தெரியும், பயமில்லன்னுட்டார்."

மச்சான் அதற்கு ஜோக் அடிக்கவில்லை. சிவப்பு ஷூவை எடுத்துத் திரும்பச் சுவரில் வைத்தார்.

புதன்கிழமை வேலை முடிந்ததும் மெக்கானிக் தனியாகப் போனான். கையில் கிரீஸ் வாசனை போகவில்லை. அன்றைக்குச் சிவப்பு ஷூவில் கால் நுழையவே மறுத்தது. கடைக்காரம்மா ஒரு சாய்வுப் பலகையைக் கொண்டுவந்து வைத்தாள். "கீழ பாத்து நில்லுங்க. விரல் முன்னாடி இடிக்குதா? ஏத்தத்துல எல்லா ஷூவும் நல்ல ஷூதான் சார். இறக்கத்துலதான் அதோட குணம் தெரியும்."

"மனுஷங்க மாதிரி."

"அதேதான்."

கணுக்கால் வரை மூடின பூட்ஸ் நல்லதா என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியோடு மலைப்பக்கம் நடக்கவும் அதே ஷூ ஆக வேண்டுமே. முதுகில் மூட்டை தூக்காத ஆளுக்கு அந்த வெயிட் எதுக்கு என்றாள். தண்ணீர் புகாத ஷூ? "புகாதுதான். ஆனா ஓடையில இறங்கி மேலால புகுந்துச்சுன்னா வெளியவும் போகாது. குளம் மாதிரி காலோடயே வரும். வலை மாதிரி துணி இருக்கிறதா எடுங்க, பத்து நிமிஷத்துல வடிஞ்சுடும்." அடியில் இருந்த ரப்பர் பற்களை நகத்தால் தட்டிக் காட்டினாள். ரொம்பப் பெரிய பல் சேற்றுக்கு நல்லது, பாறையில் வழுக்கும். உங்கள் பாதையில் இரண்டும் இருக்கிறது, நடுத்தரமாகப் போதும் என்றாள்.

கடைசியில், அதே சைஸில் முன்பக்கம் அகலமான ஒரு சாம்பல் நிற ஜோடி அமைந்தது. விரல்கள் உள்ளே காற்றாட இருந்தன. பேரழகு ஒன்றும் கிடையாது.

"மத்தியானத்துக்கு மேல கால் இன்னும் வீங்கினா?" என்றான்.

"அங்க பாதி வழிக்கு நம்ம பையைக் கொண்டுபோய் வைப்பாங்க சார். சிலபேர் அதுல ஒரு சைஸ் பெரிய ஜோடியை அனுப்பிடுவாங்க."

அவன் இரண்டு ஜோடியாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

"ரெண்டு காலுக்கு நாலு ஷூவா? நான் என்ன பூரானுக்கா வாக்கப்பட்டேன்?" என்றாள் மனைவி. ஆனால் அந்தப் பெரிய ஜோடியை ஒரு துணிப்பையில் போட்டு முடிச்சுப் போட்டு வைத்ததும் அவள்தான்.

அப்புறம் பயிற்சி. லிஃப்ட் மெக்கானிக்குப் பயிற்சிக்கு என்ன குறை? ஓடுகிற லிஃப்டுக்கு யாரும் அவனைக் கூப்பிடுவதில்லை. ஓடாத லிஃப்டுக்குத்தான் கூப்பிடுவார்கள். மோட்டார் இருப்பது மொட்டை மாடியில். வாழ்நாள் பூரா படி ஏறினவன்தான் அவன். சிரித்தவர்கள் யாரும் இதை யோசிக்கவில்லை.

ஓட்டத்தன்று விடியும்போது மச்சான் ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்து, காகிதம் பிரித்து, ராசியான சிவப்பு ஷூவை எடுத்தார். பயிற்சிக்கெல்லாம் வேறு ஷூ போட்டவர், இதை மட்டும் இந்த நாளுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்தார்.

"அண்ணா, அது ரொம்பப் பழசு இல்ல?" என்றாள் தங்கை.

"மூணு வருஷமா போடவே இல்லடி. போடாத ஷூ எப்படித் தேயும்?"

நல்லபடியாகத்தான் ஆரம்பித்தது. ஏற்றத்தில் மெக்கானிக் படி ஏறுகிற மாதிரி மூச்சை எண்ணி ஏறினான். இறக்கத்தில் மச்சான் பின்னாலிருந்து வகுப்பு எடுத்தார். "பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்காதீங்க மாப்ள, முட்டி போயிடும். சின்னச் சின்ன அடி. செகண்ட் கியர்!"

முதல் மலையின் அடிவாரம் நெருங்கும்போது பின்னால் டப், டப் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், மச்சானின் இடது ஷூ முதலை மாதிரி வாயைப் பிளந்துகொண்டிருந்தது. கைக்குட்டையால் கட்டினார்கள். கொஞ்ச தூரத்தில் வலதும் வாயைத் திறந்தது. பாதி வழிக் கூடாரத்துக்குள் அவர் வாத்து மாதிரி நடந்து வந்தார்.

அங்கே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா ஷூவை வாங்கி அழுத்திப் பார்த்தார். உள்ளே இருந்த மெத்தை ஊறின பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. "பசைக்கும் பஞ்சுக்கும் வயசாகும் சார். போட்டாலும் ஆகும், பெட்டிக்குள்ள வச்சாலும் ஆகும்."

மச்சான் நாற்காலியில் உட்கார்ந்தார். "சரி விடுங்க. நான் ஜீப்ல வந்துடறேன். நீங்க கெளம்புங்க மாப்ள, நேரம் ஓடுது."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண் அடுத்த மலையைப் பார்த்தது. மெக்கானிக்குச் சட்டென்று உறைத்தது. அந்த ஷூ பெட்டிக்குள் கிடந்து வீணானது யாரால்? யாருக்காக அவர் மூன்று வருஷம் வராமல் இருந்தார்?

அவன் தன் துணிப்பையின் முடிச்சை அவிழ்த்தான். பெரிய ஜோடியை எடுத்து அவர் காலடியில் வைத்தான். ஒரு சைஸ் பெரிது. அவர் சைஸ்.

"அதெல்லாம் முடியாது. உங்க கால் வீங்கும்னு வாங்கினது அது. இப்பவே பாருங்க, கணுக்கால் எப்படி இருக்குன்னு."

"இதைவிட மோசமா வீங்கி நான் வேலைக்குப் போயிருக்கேன்."

"மாப்ள, வெளையாடாதீங்க. என் தங்கச்சிக்கு யார் பதில் சொல்றது?"

மெக்கானிக் தன் ஷூவைக் கழற்றினான். உள்ளே இருந்த மெத்தைத் தகட்டை உருவி எடுத்துப் பையில் போட்டான். கயிற்றைப் பூராவும் அவிழ்த்து, கீழ் ஓட்டைகளை விட்டுவிட்டுத் தளர்வாகக் கோத்தான். காலை விட்டு எழுந்து நின்று பார்த்தான். இடம் இருந்தது. தாராளமாக இல்லை, ஆனால் இருந்தது.

"எனக்கு இது போதும். ரெண்டு ஜோடி வச்சுக்கிட்டு நான் என்ன மச்சான் பண்ணப் போறேன்? ஸ்டெப்னி மாதிரி சும்மாதானே கெடக்கு!"

மச்சானின் பிரேக் பிடிக்காத வாய் அன்றைக்கு நின்றுபோனது. குனிந்து ஷூவைப் போட்டார். கயிறு கட்ட அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. அவர் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக மெக்கானிக் ஒரு வாழைப்பழத்தை மெதுவாக, ரொம்ப மெதுவாக உரித்தான்.

மீதி வழி லேசாக இல்லை. ஓடைத் தண்ணீரில் கால் கொஞ்சம் குளிர்ந்தது. கடைக்காரம்மா சொன்ன மாதிரியே தண்ணீர் வடிந்தும் போனது, அவள் நல்லாயிருக்கணும். கடைசி இறக்கத்தில் கட்டைவிரல் முன்னால் இடித்து இடித்து உயிர் போனது. அவன் பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினான். மச்சான் முன்னால் போய் நின்று நின்று கை கொடுத்தார். ஜீப் ஒன்று பின்னாலேயே உறுமிக்கொண்டு வந்தது. "அதைத் திரும்பிப் பாக்காதீங்க, கண்ணாடியிலயும் பாக்காதீங்க" என்றார் மச்சான். வெளிச்சம் மங்கிக்கொண்டிருக்கும்போது, ஜீப்புக்கு முன்னால், இரண்டு பேரும் ஒன்றாகக் கோட்டைத் தாண்டினார்கள்.

புல்தரையில் விழுந்து கிடந்தபோது மச்சான் சொன்னார். "மாப்ள, ரொம்ப நன்றி."

வாலில் ஜோக் எதுவும் இல்லை. வெறும் நன்றி. மெக்கானிக்குக் காது சூடானது. "அட, விடுங்க மச்சான், ஷூதானே" என்று வாய் தானாக உளறியது. உளறின பிறகுதான் விளங்கியது. நன்றி கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது மலை ஏறுவதைவிடக் கஷ்டமாக இருக்கிறதே! பாவம், இந்த மனுஷரை மூன்று வருஷமாக ஓட ஓட விரட்டியிருக்கிறோம்.

எழுந்து உட்கார்ந்தான். "சரி. இப்ப நான் ஒண்ணு சொல்லணும். நடுவுல பேசக்கூடாது."

"சொல்லுங்க."

சொன்னான். பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை. காலையில் எழுந்து, முன்பு போல அளவு பார்க்காமல் தண்ணீர் குடிக்கும்போது அவரை நினைத்துக்கொள்வதாகச் சொன்னான். அப்புறம் நன்றி என்றான். மச்சான் புல்லைப் பிடுங்கிக்கொண்டே முழுக்கக் கேட்டார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

மனைவி டீயோடு வந்தாள். இரண்டு பேர் காலையும் பார்த்தாள். "என்ன, நாலு ஷூவுக்கும் ஆள் கெடைச்சாச்சு போல" என்றாள். அதற்குள் கணவனின் கருத்துப்போன கட்டைவிரல் கண்ணில் பட, திட்ட ஆரம்பித்தாள்.

அந்தத் திட்டுக்கு நடுவே மச்சான் காலை நீட்டிச் சாம்பல் ஷூவை அப்படியும் இப்படியும் பார்த்தார். "பாக்க நல்லாவே இல்ல. ஆனா சொல்லிட்டேன் மாப்ள, இதைத் திருப்பித் தரமாட்டேன்."

"யார் கேட்டா?" மெக்கானிக் தன் வயிற்றோர ஆபரேஷன் தழும்பைத் தட்டிக் காட்டினான். "நான் மட்டும் திருப்பித் தரப் போறேனா?"