பதினைந்து ரூபாய்க்கு அனுமதி

காலை ஆறே முக்காலுக்கு மித்ராவின் போன் அதிரும். 'தனக்கோடி பணம் செலுத்த உங்கள் அனுமதி கேட்கிறார். வனஜா காண்டிமென்ட்ஸ். ரூ.15.' நான் அவளுடைய பின் நம்பரை அழுத்துவேன். பொம்மனஹள்ளியில் என் மாமனார் டீ குடிப்பார்.

என் மனைவி சங்கமித்ரா இறந்து ஏழு மாதமாகிறது. டெங்கு. எட்டு நாள்.

இந்த ஏற்பாடு அவள் செய்தது. மாமா கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர். அத்தை போன பிறகு பெங்களூருக்கு வந்தார். சர்க்கரை வியாதி. இனிப்பைக் கண்டால் நிற்க மாட்டார். மித்ரா தன் கணக்கோடு அவர் போனை இணைத்தாள். கடையில் அவர் ஸ்கேன் செய்தால் அவளிடம் அனுமதி கேட்கும். அவள் பின் நம்பர் போட்டால்தான் பணம் போகும்.

"பென்ஷன் அப்படியே இருக்கட்டும்பா. செலவு என்னுது," என்றாள்.

"செலவு இல்லம்மா. காவல்," என்றார். ஆனால் சம்மதித்தார்.

அவள் எதையும் சும்மா அனுமதித்ததில்லை. போன் அதிர்ந்ததும் அவரைக் கூப்பிடுவாள்.

"அப்பா, பேக்கரில இன்னா வேல?"

"பன்னு வாங்கறேன்மா."

"பன்னு அறுபது ரூபாயா? தங்கத்துல சுட்டானா?"

அந்தப் பக்கம் கடைக்காரர் சிரிப்பது எனக்கே கேட்கும். அறுபதை நிராகரிப்பாள். இரண்டு நிமிடத்தில் இருபது வரும். அது போகும்.

அவளைப் புதைத்த மறுநாள் காலையும் போன் அதிர்ந்தது. ஆறே முக்கால். டீ. பழக்கத்தில் அவர் கை போயிருக்கலாம். அந்த முனையில் யார் இருப்பார்கள் என்று யோசித்தாரோ என்னவோ. நான் அழுத்தினேன். அதற்குப் பிறகு நிற்கவில்லை. அவள் கணக்கில் மாதாமாதம் நான் பணம் போட்டேன். அவரும் நானும் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் அவள் பெயரில்தான் ஆரம்பிக்க வேண்டும். அதனால் அவர் கேட்டார், நான் கொடுத்தேன்.

பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை என் வேலை. ஒருநாள் அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. பெட்ரோல் பங்க், நூறு ரூபாய்.

சூப்பர்வைசர் பிரகாஷ் பார்த்தார். "ஏனப்பா, ரெண்டு போன் வச்சிருக்க. யாரு?"

"மாமனார் சார். பங்க்ல நிக்கறாரு."

"மாமனாரா? நின்னா நிக்கட்டும் விடு."

"பின்னாடி வண்டிங்க நிக்கும் சார்."

அழுத்தினேன். அங்கே ஸ்பீக்கர் பெட்டி நூறு ரூபாய் வந்தது என்று கன்னடத்தில் கத்தியிருக்கும். அவர் மொபெட்டைக் கிளப்பியிருப்பார். இப்படித்தான் அவர் நாள் எனக்குத் தெரியும். டீ, காய்கறி, மருந்துக்கடை, சனிக்கிழமை மட்டும் மிலிட்டரி ஓட்டலில் பிரியாணி. ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ வரவில்லை. எட்டரை வரை போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டு முப்பத்தைந்துக்கு வந்தது. தூங்கிவிட்டார் போல.

ஐந்தாவது மாதம் இனிப்புக் கடை வந்தது. மஞ்சுநாத் ஸ்வீட்ஸ், நூற்றிருபது. கொடுத்தேன். அடுத்த வாரம் இருநூறு. கொடுத்தேன். பிறகு வாரத்துக்கு இரண்டு முறை. மித்ரா இருந்தால் போனிலேயே அவர் காதைத் திருகியிருப்பாள். எனக்கு அந்த உரிமை உண்டா என்று தெரியவில்லை. இருக்கிற வரை சாப்பிடட்டும் என்று விட்டேன்.

போன வாரம் அவள் போனுக்கு வங்கியிலிருந்து செய்தி வந்தது. அடையாள விவரங்களை மாத இறுதிக்குள் நேரில் வந்து புதுப்பிக்க வேண்டும். இல்லையென்றால் கணக்கு முடக்கப்படும்.

நேரில் வர அவள் இல்லை. எப்போதோ சொல்லியிருக்க வேண்டிய சேதி. இறப்புச் சான்றிதழைக் கொடுத்தால் அன்றே கணக்கை மூடிவிடுவார்கள். பணம் பெரிய விஷயமில்லை. மூடிய மறுநாள் ஆறே முக்காலுக்கு ஒன்றும் அதிராது. அவர் எழுந்தாரா என்பதுகூட எனக்குத் தெரியாது. மகள் இல்லாத வீட்டு மருமகன் அவருக்கு யார்?

ஞாயிற்றுக்கிழமை பொம்மனஹள்ளி போனேன். கதவைத் திறந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வா மாப்ள. இளைச்சிட்ட."

ஒற்றை அறை. சுவரில் புத்தர் படம். பக்கத்தில் மித்ரா. தண்ணீர் குடிக்கச் சமையல் மேடைப் பக்கம் போனேன். அலமாரியில் இனிப்புப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. கட்டிய நூல்கூடப் பிரிக்கவில்லை.

"மாமா, இதெல்லாம் சாப்பிடலையா?"

"எனக்கு முந்நூத்தி இருபது சுகர். அதைத் தின்னுட்டு நான் சாவறதா?"

"அப்புறம் எதுக்கு வாங்கனீங்க?"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"நீ எப்ப வேணாம்னு சொல்லுவியோன்னு பாத்தேன். நூத்தி இருபது கேட்டேன், குடுத்த. இருநூறு கேட்டேன், குடுத்த. இன்னா மனுசன்யா நீ? ஒரு போன் பண்ணி 'யோவ் கெழவா, ஸ்வீட் கடையில இன்னா வேல'ன்னு கேக்க மாட்டியா? மஞ்சுநாத் இன்னா நெனச்சிக்கினான் தெரியுமா? எனக்குப் பேரன் பொறந்துட்டான்னு. வாழ்த்து சொல்றான்."

நான் பெட்டிகளை எண்ணிப் பார்த்தேன்.

"பாதி பெட்டி கீழ் வீட்டு சின்னப்பாவுக்குப் போச்சு. அவன் பொண்டாட்டி என்னைத் திட்டுறா, அவனுக்கும் சுகராம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏழு மாதத்தில் முதல் தடவை. உடனே நின்றும் போனது. வங்கி விஷயத்தைச் சொன்னேன்.

அவர் கேட்டு முடித்தார். மித்ராவின் போனை என் கையிலிருந்து வாங்கி, திரையைத் தன் சட்டையில் துடைத்தார்.

"நாளைக்கு லீவு போடு. ரெண்டு பேரும் போய்ச் சொல்லிடலாம். அவ பேர எதுக்கு முடக்கி வைக்கணும்?"

"சரி மாமா."

"அப்புறம் நீ இன்னா பண்ணுவ?"

"என்ன பண்றது? நீங்க உங்க பென்ஷன்ல செலவு பண்ணுங்க. நான் என் சம்பளத்துல."

"அவன் அவன் காசு, அவன் அவன் பாடா?" அவர் தன் போனை நீட்டினார். "என் அக்கவுண்ட்ல உன்னைச் சேரு. நீ எங்க செலவு பண்ணாலும் என்னைக் கேக்கணும்."

"எனக்குச் சம்பளம் வருது மாமா."

"எனக்குந்தான் பென்ஷன் வந்துச்சு. நான் இன்னா டீக்கு வழியில்லாமயா உன்னக் கேட்டேன்?"

மாதக் கடைசியில் பணத்தைத் திருப்பிப் போட்டுவிடுகிறேன் என்றேன். போட்டால் போடு, அதை யார் கேட்டது என்றார்.

முதலில் மித்ராவின் போனில் அவர் பெயரை நீக்க வேண்டியிருந்தது. 'தனக்கோடியை நீக்கவா?' என்று கேட்டது. என் விரல் நகரவில்லை. அவர்தான் அழுத்தினார். பிறகு அவர் போனில் என் எண்ணைச் சேர்த்தோம். பின் நம்பர் போடும்போது என் தோளைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

"பாக்காத."

மறுநாள் வங்கி. அரை மணி நேரத்தில் முடிந்தது. வெளியே வந்து ஒரு தர்ஷினி ஓட்டலில் நின்று காபி குடித்தோம். நான் ஸ்கேன் செய்தேன். எதிரில் நின்ற அவர் போன் அதிர்ந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"மதியழகன்னு யாரோ ஐம்பது ரூபா கேக்கறான். தெரிஞ்ச ஆளா மாப்ள?"

கல்லாவில் இருந்த பெண் காத்திருந்தாள். அவர் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார்.

புதன்கிழமை ஷிப்ட் முடிந்து பீன்யா பங்கில் ஐநூறுக்குப் பெட்ரோல் போட்டு ஸ்கேன் செய்தேன். திரையில் வட்டம் சுற்றியது. பின்னால் ஓர் ஆட்டோ ஹார்ன் அடித்தது. பணம் போகவில்லை. போன் அடித்தது.

"மாப்ள, திங்கக்கெழம ராத்திரிதான் ஐநூறு போட்ட. இன்னைக்கு மறுபடியும் ஐநூறா? உன் வீட்டுக்கும் கம்பெனிக்கும் நாலு கிலோமீட்டரு. டேங்க் ஓட்டையா?"

"இல்ல மாமா."

"அப்புறம் எங்க போற?"

பெட்ரோல் போட்டவர் என்னையே பார்த்தார்.

"வேலை முடிஞ்சா வீட்டுக்குப் போக முடியல. ரிங் ரோட்ல சுத்துறேன்."

"எத்தினி நாளா?"

"ஏழு மாசமா."

ஆட்டோ மறுபடி ஹார்ன் அடித்தது.

"சுத்தறவன் ஒருநாளாவது இந்தப் பக்கம் வண்டிய எறக்கினியா? ரிங் ரோடு இங்கயுந்தான வருது?"

"வரல மாமா."

"அப்ப ஐநூறு கெடையாது."

"மாமா, பெட்ரோல் போட்டாச்சு."

"அது உன் பாடு. போடறதுக்கு முன்ன கேட்டிருக்கணும்."

"மாமா, பின்னாடி வண்டிங்க நிக்குது."

"நிக்கட்டும். வருவியா?"

"வரேன்."

"சோறு வடிக்கறேன். மீன் வாங்கலாம்னு இருக்கேன். முள்ளு எடுத்துச் சாப்புடுவ இல்ல? அவ உனக்கு எடுத்து எடுத்து வச்சிக்கினு இருப்பா."

"சாப்பிடுவேன்."

"சில்க் போர்டுல ஜாம் இருக்கும். மெதுவா வா."

பங்கின் ஸ்பீக்கர் பெட்டி ஐநூறு ரூபாய் என்று கன்னடத்தில் கத்தியது. ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, முடிந்ததா என்று கேட்டார்.

"ஆயித்தா சார்?"

"ஆயித்து," என்று சொல்லி வண்டியைக் கிளப்பினேன்.